அடுப்பைச் செப்பனிடுதல்

கண்மாய் மடையோ கிணற்றுச் சுவரோ பழுதுற்றால் குடியானவர் அதனை உடனே கவனிக்கின்றனர். நாள்தோறும் எரியும் அடுப்பு வெடித்துப் புகை கக்கினாலோ, அதனைப் பொருட்படுத்துவார் அரியர். இவ்வசட்டையால் விறகு வீணாவதோடு, அடுப்படியில் உழலும் பெண்டிரின் கண்ணும் நுரையீரலும் கெடுகின்றன.

இராமநாதபுரம் ஜில்லாவில் சீமைக் கருவேல் மலிந்திருக்க, விறகுச் செட்டு எதற்கென்பர் சிலர். முள்மரத்தை வெட்டிச் சுமக்கும் உழைப்பு மலிவன்று. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு பல வீடுகளை அடைந்துள்ளது. எனினும் வெந்நீர் வைக்கவும் பதநீர் காய்ச்சவும் விறகடுப்பு இன்னும் வேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் அடுப்பு விரைவில் அழிவதற்கு உப்பே முதற் காரணம். உவர்மண்ணிலும் உவர்நீரிலும் பிசைந்த அடுப்பில் உப்பு ஈரத்தை ஈர்த்து, உலரும்போது படிகமாகிப் பூச்சை உதிர்க்கும். இரும்புக் கம்பித் தட்டும் உப்புக் காற்றில் துருவேறும். வெடிப்பின் வழியே வேண்டாத காற்றுப் புகுந்து சூட்டைக் கொண்டுபோகும். வாய் அகன்றால் பாத்திரத்தின் ஓரமாகத் தீ வீணே வெளியேறும்.

புகைபோக்கி அடுப்புகளால் பயனில்லை என்பாரும் உளர். 1983-இல் தொடங்கி 2002-இல் முடிவுற்ற தேசீயத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட சீர்திருத்த அடுப்புகள் பரப்பப்பட்டும், நெடுநாள் நிலைத்தவை பலவல்ல. ஒடிசா கிராமங்களில் நடத்தி 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, முதலாண்டில் குறைந்த புகை பின்னர்க் குறையாமற் போயிற்றென்று கண்டது. அடுப்பை முறைப்படி உபயோகியாமையும் பழுது பாராமையுமே அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆகவே, அடுப்பைக் கட்டிக் கொடுப்பது பாதி வேலையே, பேணுதல் மறுபாதி.

அப்பேணுதல் அரிதன்று. உவரற்ற களிமண்ணை உமியும் சாணமும் சேர்த்து நன்னீரிற் பிசைந்து புளிக்க வைத்து, வெடிப்புகளை அவ்வப்போது அடைத்தல் வேண்டும். புதுப் பூச்சு நிழலில் மெல்ல உலர்ந்த பின்னரே தீ மூட்டுக. சாம்பலை நாள்தோறும் அள்ளுக. புகைபோக்கியிற் படியும் கரியை மாதம் ஒருமுறையேனும் துடைத்தெடுக்காவிடில் புகை வீட்டினுள்ளேயே திரும்பும். ஈரவிறகு அக்கரியைப் பெருக்குமாதலால், ஐப்பசி மழைக்கு முன்பே விறகை வெட்டி, பிளந்து, கூரையடியில் அடுக்குதல் நலம்.

எத்துணைப் பேணினும் விறகடுப்பு முற்றும் புகையற்றதாகாது. ஆனால் பேணாத அடுப்பு இரட்டிப்புத் தீங்காம். புதிய அடுப்புகளுக்குப் பொருள் ஒதுக்குவோர், அதிலொரு பகுதியை ஆண்டுதோறும் செப்பனிடும் கூலிக்கு வைப்பதே நியாயம். கிராம உத்தியோகஸ்தர்கள் கொடுத்த அடுப்புகளை எண்ணுவதோடு நில்லாமல், மூன்றாம் ஆண்டிலும் எரியும் அடுப்புகளை எண்ணுவாராக. நிலமுடையோர் தம் வீட்டு அடுப்பை முதலிற் செப்பனிட்டால் ஊரும் பின்பற்றும்.