சிறு வாத்தியமும் சிறு குறிக்கோளும்

பழைய மாணவர் மலர்களிலே எழுதப் புகுவோர் பெரும்பாலும் தாம் இருந்து படித்த வகுப்பறையையும், வாங்கிய பிரம்படியையும், ஆடிய மைதானத்தையும் நினைந்தே எழுதுவர். அவற்றை நாமும் விரும்பிப் படிப்போம். ஆயினும் ஜுபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கற்று முடித்ததைப் பற்றியன்றி இப்பொழுது கற்றுக்கொண்டிருப்பதைப் பற்றி எழுதுதல் தகும் என எமக்குத் தோன்றிற்று. உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய பின்னர் ஏதேனும் ஒரு வாத்தியத்தைக் கையிலெடுப்போர் எம்மவருட் சிலர் உளர். எடுத்தவருட் பலர் ஆறு மாதத்துள் அதனைச் சுவரிலே மாட்டிவிடுகின்றனர். வயதே இதற்குக் காரணம் என்பது ஊரார் கூற்று. நாம் அதனை ஒப்புக்கொள்ளோம். அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட குறிக்கோள்களே அவர்களைத் தோற்கடித்தன என்பது எமது துணிபு.

இதனைச் சொல்வதற்கு எமக்குள்ள தகுதி மிகச் சிறிது. அதன் நீளம் இருபத்தோரங்குலம். உக்குலேலே என்னும் நாலு தந்தி வாத்தியம் அது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை கொண்டுவந்து, திரும்பும்போது பெட்டியில் இடமில்லையென்று எம் வீட்டு மேசைமேல் விட்டுச் சென்றது. யாழின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஊரிலே, விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் இதனை மடியில் வைத்திருப்பது முதலில் எமக்குச் சற்று நாணமாகவே இருந்தது.

அதன் வரலாற்றை அறிந்தபின் அந்நாணம் நீங்கிற்று. பெயர் ஹவாய்த் தீவினரது மொழிக்குரியது. 'துள்ளும் தெள்ளு' என்று அதற்குப் பொருள் கூறுவர். வாத்தியமோ அத்தீவுகளுக்கு வந்தேறியது. 1879 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், போர்த்துக்கேயருக்குரிய மடெய்ராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யும் பொருட்டு வந்த குடும்பங்கள், ராவென்ஸ்கிறாக் என்னும் கப்பலிலிருந்து ஹொனலூலுத் துறையில் இறங்கின. அவர்களுள் மனுவெல் நூனெஸ், ஒகஸ்தோ டியாஸ், ஜொசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மரவேலைக்காரர் மூவர் இருந்தனர். தம்மூரில் மசேத்தே என வழங்கிய சிறு வாத்தியத்தைத் தழுவி இவர்கள் செய்ததே உக்குலேலே. காலாகவுவா மன்னர் அதனை விரும்பித் தம் அரண்மனை விழாக்களிற் சேர்த்துக்கொண்டார். 1915 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெருங்காட்சியின் பின் அஃது அமெரிக்கா எங்கணும் பரவிற்று. 1967 முதல் கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரப் பாடசாலைகளிலே சாமர்ஸ் டோன் என்னும் ஆசிரியர் அதனைப் பிள்ளைகளுக்கு இசையறிவு புகட்டும் கருவியாக்கினார். கூலிக்குப் போனவர்கள் கையோடு கொண்டுபோன இசை இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. அதனை மடியில் வைத்துக்கொள்ள நாம் நாணுவது எற்றுக்கு?

இனி எமது தோல்விக்கு வருவோம். தொடங்கிய அன்று ஒரு தாளிலே மூன்று குறிக்கோள்களை எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் அப்பியாசம் செய்வது. மூன்று மாதத்தில் இருபது பாட்டுக்களை வாசிப்பது. ஜுபிலி விருந்தன்று கல்லூரிக் கீதத்துக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது. முதல் வாரம் மிக நன்றாகச் சென்றது. நைலோன் தந்தி புதிதாயின் சில நாள்வரை இளகிக்கொண்டேயிருக்கும், சுருதி நில்லாது. அதனை அறியாது எமது காதைக் குறைகூறிக்கொண்டதொன்றே அவ்வாரத்துத் துன்பம். மூன்றாம் வாரத்தில் உறவினர் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தது. ஐந்து நாள் வாத்தியத்தைத் தொடவில்லை. ஆறாம் நாள் கணக்குப் பார்த்தபோது ஐந்து மணி நேரம் கடன் நின்றது. கடனை அடைக்க எண்ணி ஒரே இருப்பில் இரண்டு மணி நேரம் வாசித்தோம்; விரல் நுனி நொந்தது. மறுநாள் வாசிக்கவில்லை. கடன் மீண்டும் ஏறிற்று. ஒரு மாத முடிவில் அலுமாரியைத் திறப்பதற்கே மனம் கூசிற்று. வட்டிக்கு வாங்கினவன் வட்டிக்காரனின் படலையைக் கடக்க அஞ்சுவதுபோலாயிற்று எமது நிலை.

இஃது ஏன் நேர்ந்ததென்று பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தோம். எம் தலைமுறையினர் பரீட்சையாலே வளர்க்கப்பட்டோர். சாதாரண தரம், உயர்தரம், பின் உத்தியோகத்திலே தடைதாண்டற் பரீட்சை என்று, ஒவ்வொரு படியிலும் பாடத்திட்டத்தை ஒருவர் வகுக்க, நாளை மற்றொருவர் குறிக்க, புள்ளியை இன்னொருவர் இட்டார். இளைப்பாறிய பின்னும் எமக்குள்ளே அந்தப் பரீட்சகர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகவே அந்தத் தாளை எழுதி ஒட்டினோம். பரீட்சைகளை நாம் இகழ்கின்றோம் அல்லோம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் எத்தனையோ பிள்ளைகளை ஒழுங்காகச் சாதகம் செய்ய வைத்திருக்கின்றன. பிள்ளைக்கு அஃது ஏணி. அதிலேறி ஆசிரியராகலாம், மேடையேறலாம். அறுபத்தைந்து வயதில் ஏறி எங்கே போவது? அவ்வயதினருக்கு வேண்டுவது ஏணியன்று, இருந்து வாசிக்க ஒரு பாய்.

மணிக்கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாயிரம் மணி நேரம் பழகினால் எவரும் விற்பன்னராவர் என்ற பேச்சு இப்பொழுது எங்கும் அடிபடுகின்றது. எரிக்சன் என்னும் உளநூலறிஞரும் அவர்தம் துணைவரும் பேர்லின் நகர இசைக் கழகத்து வயலின் மாணவரை ஆராய்ந்து 1993 இல் வெளியிட்ட கட்டுரையே இதன் தோற்றுவாய். அவருட் சிறந்தோர் இருபது வயதளவில் சராசரியாகப் பத்தாயிரம் மணிக்கு மேற் பழகியிருந்தனர். 2008 இல் மல்கம் கிளாட்வெல் தமது நூலிலே அதனை ஒரு விதிபோலாக்கிப் பரப்பினார். அது சராசரியேயன்றி எல்லைக்கோடன்று என்றும், எவ்வளவு பழகினர் என்பதோடு எவ்வாறு பழகினர் என்பதும் பெரிதென்றும் எரிக்சனே மறுத்துரைத்தார். மறுப்பு விதியளவுக்குப் பரவவில்லை. நாளுக்கு அரைமணி வீதம் பத்தாயிரம் மணியை நிரப்ப ஏறக்குறைய ஐம்பத்தைந்து ஆண்டு செல்லும். நூற்றிருபதாம் வயதிலே நாம் விற்பன்னராவோம். கேட்பதற்குத்தான் ஒருவரும் இருக்கமாட்டார்.

தாளைக் கிழித்துவிட்டு, ஒரேயொரு குறிக்கோளை வகுத்துக்கொண்டோம். மேனாட்டார் 'கோட்' என்று சொல்லும் சுரக்கூட்டுக்களிலே 'சி' என்பது மிக எளிது. கடைசித் தந்தியின் மூன்றாம் மெட்டில் ஒரு விரலை வைத்தாற் போதும். 'ஜி ஏழு' என்பதற்கு மூன்று விரல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதுதான் எமது கை நின்றுவிடும், பாட்டும் நின்றுவிடும். ஆகவே, நாலு எண்ணிக்கைக்கு ஒருமுறை சி இலிருந்து ஜி ஏழுக்கும் அங்கிருந்து மீண்டும் சி இற்கும், வலக்கை நில்லாதபடி எட்டுமுறை மாறுதல் வேண்டும். இவ்வளவே குறிக்கோள். வேகத்தைப் பற்றிப் பேச்சில்லை. கை நில்லாதிருக்க எவ்வளவு மெதுவாக எண்ணவேண்டுமோ அவ்வளவு மெதுவாக எண்ணினோம். முதனாள் ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்குமிடையே ஒருவர் வெற்றிலை மடித்து வாயிலிட்டிருக்கலாம். பதினோராம் நாள் எட்டு முறையும் நில்லாது வந்தது. அதனை எவரும் எமக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. எமது காதே சொல்லிற்று.

குறிக்கோள் எனத் தக்கது இத்தகையதே என்று நாம் கருதுகின்றோம். எய்தினோமா இல்லையா என்பது அன்று மாலையே, அந்த அறையிலேயே, பிறர் துணையின்றித் தெரிதல் வேண்டும். 'இருபது பாட்டு' என்பதிலே அது தெரியாது. பாட்டை அரைகுறையாக வாசித்துவிட்டு எண்ணிக்கையிற் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. 'நன்றாக வாசித்தல்' என்பதிலோ தெரியவே தெரியாது. குறிக்கோளைக் கைவிடுதலும் தவறன்று. 'ஈ' என்னும் சுரக்கூட்டு இவ்வாத்தியத்திலே தொடக்கக்காரரைப் படாத பாடுபடுத்துவது. மூன்று தந்திகளை நாலாம் மெட்டிலும் ஒன்றை இரண்டாம் மெட்டிலும் ஒருங்கே அழுத்தல் வேண்டும். ஒரு மாதம் போராடியபின் அதனை ஒத்திவைத்து, பல இடங்களில் அதற்கு ஈடாகும் 'ஈ ஏழு' என்பதைக் கொண்டு காலங்கழிக்கின்றோம். இவ்வாறு செய்வது சோம்பலென்று சொல்லும் அன்பர்கள் தம் விரலை வைத்துப் பார்க்கக் கடவர்.

இம்முறை எமக்குப் புதிதன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். சங்கீதம் பயிலும் எமது பிள்ளைகள் முதன்முதலிற் பாடுவது மாயாமாளவகௌளையிலே சரளி வரிசை. அவ்வரிசைகளைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. ஒரு சிறு வரிசை. அதனை முதற் காலத்திற் பாடி, பின் இரண்டாங் காலத்தில், பின் மூன்றாங் காலத்தில். பெருங்கீர்த்தனத்தைக் காட்டி ஆசையூட்டாது, இன்றைக்கு இவ்வரிசை இக்காலத்தில் என்று அளந்து வைத்த அறிவை என்னென்பது! அதனை உக்குலேலேயில் வைத்துப் பார்த்தபோது நாமே வியந்தோம். இரண்டாந் தந்தியைத் திறந்து மீட்டினால் சட்சம். அதன் முதல் மெட்டு சுத்த ரிஷபம். மூன்றாந் தந்தியைத் திறந்து மீட்டினால் அந்தர காந்தாரம். அதன் முதல் மெட்டு மத்திமம், மூன்றாவது பஞ்சமம், நாலாவது சுத்த தைவதம். நாலாந் தந்தியின் இரண்டாம் மெட்டு காகலி நிஷாதம், மூன்றாவது மேற்சட்சம். நாலு மெட்டுக்குள்ளே இராகத்தின் சுரம் முழுதும் அடங்கிவிடுகின்றது. முதலாந் தந்தியோ, மற்றை வாத்தியங்களிற்போல மந்தரமாகாது உயர்ந்து நிற்பது; அதன் ஒலி அதே பஞ்சமம். இடையிடையே அதனை மீட்டினாற் சுருதிக்கும் குறைவில்லை.

இதனைக் கேட்டுவிட்டு இனி இராக ஆலாபனைக்குக் குறிக்கோள் வைப்போம் என்று எவரும் புறப்படவேண்டாம். இவ்வாத்தியத்தின் நாதம் எழுந்தவுடனே தேய்வது. வீணையிற்போலத் தந்தியை இழுத்துக் கமகம் காட்ட இதில் இடம் போதாது. வரிசைகளோடும் சிறு கீதங்களோடும் நிற்பதே அதற்கும் எமக்கும் மரியாதை.

கால அளவைப் பற்றி நாம் கண்டது இது. விளக்கேற்றிய பின் கால்மணி நேரம். அதிலும் கடைசிச் சில நிமிடம் முன்னரே கைவந்த ஏதேனுமொன்றை வாசித்து மகிழ்வதற்கு. விட்டுப்போன நாள் விட்டுப்போனதே, அதற்குக் கடனில்லை. ஞாயிறன்று ஒரு மணி நேரம் அடித்து முடிப்பதினும் நாலு நாட்களிற் கால்மணியாகப் பழகுவது நன்கு பதியும். விட்டு விட்டுக் கற்பதன் பயனை எபிங்கவுஸ் 1885 இலேயே எடுத்துக்காட்டியிருக்கின்றார். சங்கீத வாத்தியார்மாருக்கு அது முன்னரே தெரியும். ஒரு கொப்பியில் நாளுக்கு ஒருவரி எழுதுகின்றோம். எவ்வளவு நேரம் என்பதை எழுதுவதில்லை. எங்கே கை நின்றது என்பதை மாத்திரம். மறுநாட் குறிக்கோள் அந்த வரியே.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. எமது வகுப்புத் தோழர் ஒருவர் இளைப்பாறிய ஆண்டிலேயே வயலின் பயிலத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வகுப்பினர் ஒன்றுகூடும் விருந்திலே ஒரு வர்ணம் வாசிப்பேன் என்று எல்லாருக்கும் முன்னரே சொல்லிவைத்தார். சொன்னபடி வாசித்தார். முதற் காலம் ஒருவாறு சென்றது; இரண்டாங் காலத்தில் வில் தடுமாறி, நின்று, மீண்டும் தொடங்கி, மீண்டும் நின்றது. பின்வரிசையில் ஒருவர் பள்ளிக்கூட நாளையப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூவினார். எல்லாரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே வயலினைப் பெட்டியில் வைத்தார். அதன் பின் அவர் அதனைத் திறக்கவில்லை என்பதை அவர் மனைவியார் சொல்லித்தான் அறிந்தோம். தாமே கேட்டுத் தாமே தீர்க்கவேண்டியதொன்றைப் பிறர் காதுக்கும் ஒரு நாளுக்கும் ஈடுவைத்தது அவர் பிழையெனில், அந்த ஈட்டைச் சிரிப்பால் மூழ்கடித்தது எம் பிழை. உக்குலேலேயோடு தனியே இருந்து தடுமாறிய மாலைகளிலேதான் அவர் ஒரு வருடத்தில் எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பது எமக்கு விளங்கிற்று.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஜுபிலியையொட்டி மண்டபமும் நினைவுத் தூணும் பற்றிப் பேசப்படுகின்றன, அவை எழுக. அவற்றோடு, கல்லூரியில் மாதம் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிடுதல் வேண்டும். வாத்தியம் பழகும் பழைய மாணவர் அங்கே வந்து, அம்மாதம் தாம் எதிலே நின்றார்களோ அந்தத் துண்டை மாத்திரம் வாசிக்கட்டும், முழுப்பாட்டு வேண்டாம். பிரதம விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். சிரிப்போர் வெளியே தேநீர் குடிக்கலாம். மாணவர் சிலர் வந்து பார்க்க விரும்பினால் தடுக்கவேண்டாம். நரைத்தவர்கள் சரளி வரிசையிலே தடுமாறுவதைக் காண்பது அவர்களுக்கும் ஒரு பாடமே.

கல்லூரிக் கீதத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் எண்ணத்தை நாம் இவ்வாண்டுக்கு விட்டுவிட்டோம். இந்த வாரத்துக் குறிக்கோள், இரண்டாஞ் சரளி வரிசையை இரண்டாங் காலத்திலே தைவதத்திற் சுண்டுவிரல் வழுக்காது வாசித்தல். அறை திறக்கப்படுமாயின் முதல் மாலைக்கு அதனோடு வருவோம். வரும் வழியிலே அந்த நண்பர் வீட்டுப் படலையிலும் தட்டுவோம்.