குழாய்க்கும் ஒரு பூட்டு

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை குடித்தனம் செய்யும் சகோதரிகளுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? அங்கே பல வீடுகளில் தண்ணீர் இரண்டு தினுசு. குடிக்கவும் சமைக்கவும், மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர். மற்றதற்கெல்லாம் போர் குழாயின் உப்புத் தண்ணீர்தான். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, பல வருஷங்களாகக் கழிவு நீரோடு பாலாற்றங்கரை மண்ணில் இறங்கியதன் பலன் இது. 1996-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில், இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாகக் கணக்கு இருக்கிறது. வயலைக் கெடுத்த உப்பு, வீட்டுக் குழாயை மட்டும் விட்டுவைக்குமா?

குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து, "மேலே டாங்க்கை மூடுங்கம்மா" என்கிறார். மாடிக்கு ஓடி வால்வைத் திருகினால் அசையவே மாட்டேன் என்கிறது. அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது! உள்ளே உப்புப் படிந்து, தண்டு முறிந்து எத்தனை நாளாயிற்றோ! கடைசியில் ஒரு சின்ன வாஷருக்காகத் தொட்டித் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போகிறது.

சமையலறைக்கு, குளியலறைக்கு, கக்கூஸுக்கு என்று ஒவ்வொரு கிளைக்கும் தனி வால்வு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வாஷ்பேசினுக்கும் ஃப்ளஷ் தொட்டிக்கும் ஆளுக்கோர் ஆங்கிள் வால்வு போதும். உப்புத் தண்ணீருக்குச் சக்கரம் வைத்த கேட் வால்வைவிட, கால் சுற்றில் மூடுகிற பால் வால்வே மேல். பிடி குழாயோடு நீளவாட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இருட்டில்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பக்கத்திலேயே ஒரு யூனியனும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வால்வை மாற்றும் நாளில் குழாயையே அறுக்க நேரும்.

வால்வு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டு, 'பார்வையாய் இருக்கிறதல்லவா?' என்று கேட்கும் கொத்தனார்களிடம் தாட்சண்யமே வேண்டாம்!

இன்னொன்று. காவிரிக் குழாயையும் போர் குழாயையும் இணைத்து நடுவில் ஒரு வால்வு வைத்தால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்த வால்வு கசிந்தால் குடிதண்ணீரில் உப்பு கலக்கும். காப்பியைக் குடித்த பிறகுதான் சங்கதியே வெளிப்படும்.

மளிகைச் சீட்டு எழுதுகிற அன்றைக்கே, மாதம் ஒரு தரம் எல்லா வால்வையும் மூடித் திறந்துவிடுங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ, அதைத் தொட்டி வற்றியிருக்கும் நாள் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.