அரிட்டாபட்டியின் எல்லை நீர் வழியே செல்லட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. பரப்பு 193.42 ஹெக்டேர். 2024 நவம்பரில் டங்ஸ்டனுக்காக இத்தலப் பகுதியையும் சேர்த்து மத்திய அரசு ஏலம் விட்ட நாயக்கர்பட்டித் தொகுதியோ 2,015.51 ஹெக்டேர். சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மேலூர் மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள், 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. இடையில், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் கேட்டுக்கொள்ளப்பட்டது. கேட்க நியாயமாகத் தெரியும் அந்த யோசனைதான் ஏலத்தைவிட எனக்குக் கவலை தருகிறது.

இங்கே மலையையும் கண்மாயையும் பிரிக்க முடியாது. ஏழு குன்றுகளில் பெய்யும் மழை பாறை வெடிப்பில் இறங்கி, சுனையில் கசிந்து, ஓடையாகி, வரத்துக்கால் வழியே கண்மாய் சேர்கிறது. அரசின் கணக்கிலேயே சுனைகள் 200, நீர்நிலைகள் 72. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அதில் அடக்கம். லகர் வல்லூறு பாறை விளிம்பில் கூடு வைக்கும், குஞ்சுக்கு இரை எடுப்பது கீழே தரிசிலும் வயல்வெளியிலும். எறும்புத்தின்னிக்குக் கறையான் புற்று வேண்டும். சுரங்கக் குழியில் ஊறும் நீரை ஓயாமல் இறைக்க வேண்டியிருக்கும், அந்த இறைப்பு சுற்றியுள்ள கிணறுகளின் மட்டத்தைக் கீழே இழுக்கும். பாறையை மட்டும் காத்தால் கூடு மிஞ்சும், இரையும் நீரும் மிஞ்சா.

டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவை என்பார்கள். வெட்டுக்கருவிக்கும் பாதுகாப்புத் தளவாடத்துக்கும் தேவைதான், மறுக்கவில்லை. தேய்ந்த கார்பைடு கருவிகளை உருக்குலைத்து டங்ஸ்டனை மீட்கும் தொழில் உலகெங்கும் நடக்கிறது. அறுந்த நீரூற்றை அப்படி மீட்க வழியில்லை. பாரம்பரியத் தலத்தின் எல்லையை விரித்தால் மேய்ச்சலும் மீன்பாடும் போய்விடுமோ என்று விவசாயிகள் அஞ்சுவதும் இயல்பு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு உள்ளாட்சிகளைக் கலந்துதான் தலத்தை அறிவிக்கச் சொல்கிறது, அறிவிப்பால் பொருளாதார இழப்பு வந்தால் ஈடு செய்யத் திட்டம் வகுக்கவும் சொல்கிறது. மக்களின் வழக்கமான புழக்கத்துக்கு அது தடையாகாது என்பதை அறிவிக்கையிலேயே எழுதிவிடலாம்.

காவிரி டெல்டாவைப் பாதுகாக்க 2020-இல் தனிச்சட்டம் இயற்றிய மாநிலம் இது. ரத்தான ஏலம் இன்னொரு பெயரில் திரும்பி வருவதற்குள், சுற்றுவட்டாரக் கிராம சபைகளைக் கேட்டு, குன்றுகளிலிருந்து கடைசிக் கண்மாயின் மறுகால் வரை நீர்ப்பிடிப்பு முழுவதையும் பாரம்பரியத் தலத்தில் சேர்த்து அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.