அப்பாவுக்கு என்ன கலர்?

கொடைக்கானலுக்கு ஜனங்கள் தேனிலவுக்குப் போவார்கள். இல்லாவிட்டால் பேரிக்காய் வாங்கப் போவார்கள். நான் போனது அப்பாவுக்குக் கலர் அடிக்க.

அப்பா இருப்பது ஒரே ஒரு போட்டோவில். ஏரிக்கரையில், ஸ்வெட்டரோடு, கறுப்பு வெள்ளையில். எடுத்த மறுவருஷம் போய்விட்டார். எனக்கு அப்போது மூன்று வயசு. அதைப் பார்த்து டேப்லட்டில் படம் வரைந்து, அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுப்பதாகப் பிளான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். குரு, அக்கா பையன். 'க்ரிட்டா' என்கிற இலவச சாஃப்ட்வேரில் கில்லாடி.

“மாமா, முதல்ல கலரைத் தொடாதீங்க. சாம்பல்லயே முழு மூஞ்சியையும் முடிங்க.”

“ஏன்டா, கலர் தீர்ந்துடுமா?”

பதில் சொல்லாமல் கோக்கர்ஸ் வாக்குக்கு இழுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் நாலு மணி. பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மரம் கறுப்பு, அடுத்த மலை சாம்பல், அதற்கும் அடுத்தது கிட்டத்தட்ட வெள்ளை.

“ஒரு கலர்கூட இல்ல. ஆனா எது கிட்ட, எது தூரம்னு தெரியுதில்ல? மூஞ்சியும் அப்படித்தான்.”

மூக்கின் மேடு, கண்ணின் பள்ளம் எல்லாம் வெளிச்சமும் நிழலும் செய்கிற வேலை. அதில் கோட்டை விட்டால் எத்தனை கலர் போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் வரும். ஐரோப்பிய ஓவியர்கள் பல நூறு வருஷமாக இப்படி வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் மங்கலான முதல் பூச்சுக்கு வைத்த பெயர் 'செத்த நிறம்'. அப்பா படத்தை வரைகிற சமயத்தில் நான் இதைப் படித்திருக்க வேண்டாம்.

மூன்று நாளில் சாம்பல் அப்பா ரெடி. அக்கா பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அப்புறம் மேலே ஒரு புது லேயர், 'கலர்' மோடில். இதில் நிறம் மட்டும் மாறும், கீழே போட்ட வெளிச்சம் அப்படியே நிற்கும். முகம் பூரா ஒரே மாநிறமாக அடித்தேன். அப்பா, காமாலை வந்த சிலை மாதிரி ஆகிவிட்டார்!

“தோல் ஒரே கலர் இல்ல மாமா.”

கன்னம், மூக்கு நுனி, காது மடலில் ரத்தம் ஓடுகிறது. அங்கே சிவப்பு. நெற்றியில் மஞ்சள் தூக்கல். ஷேவ் பண்ணின தாடையில் லேசாக நீலம். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், செம்பழுப்பு. ஒவ்வொன்றாகத் தொடத் தொட, அப்பா மூச்சு விட ஆரம்பித்தார்.

ஸ்வெட்டரில்தான் தகராறு.

“பாட்டில் பச்சை. பின்னினவ நான், எனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா.

“மெரூன்மா. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே ஸ்கூலுக்குப் போவேன்” என்றாள் அக்கா.

போட்டோ வாயைத் திறக்காது. கறுப்பு வெள்ளையில் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாக விழலாம். 1957ல் வந்த 'மாயாபஜார்' தெலுங்குப் படத்தை 2010ல் கம்ப்யூட்டரில் கலராக்கினார்கள். அவர்களும் இப்படித்தான் முழித்திருப்பார்கள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணை மூடி யோசித்தேன். எனக்கு ஞாபகத்தில் இருப்பது அந்தப் போட்டோ மட்டும்தான்.

இப்போது ஃபைலில் இரண்டு லேயர். ஒன்றின் பெயர் 'அம்மா', இன்னொன்று 'அக்கா'. அம்மாவுக்குப் பச்சையில் பிரின்ட் போட்டு ஃபிரேம் பண்ணியாயிற்று. அக்கா வீட்டு ஹாலில் மெரூன். என் செல்போனில் இருப்பது, இரண்டையும் மூடி வைத்த படம்.