மின்சாரம் விளையும் மலையில் டீசல் புகை

கொத்மலை என்றாலே மின்சாரம்தான். 1985இல் தொடங்கிய கொத்மலை நீர்மின் நிலையத்தின் திறன் 201 மெகாவாட். 2012இல் வந்த மேல் கொத்மலைத் திட்டத்தின் திறன் 150 மெகாவாட். அதன் அணை தலவாக்கலையில், புகையிரதப் பாதைக்கு அருகிலேயே நிற்கிறது. அந்தப் பாதையின் மேல் மட்டும் இன்றுவரை ஒரு மின்கம்பி இல்லை.

சரக்கையும் பயணிகளையும் இழுத்து இம்மலை ஏறிய எம்2 டீசல் என்ஜின்கள், 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தவை. எழுபது ஆண்டு கடந்தும் சில சேவையில் உள்ளன. ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்ற பெயர்ப் பலகைகளைக் கண்டு ரசிகர்கள் படமெடுக்கிறார்கள். பழைய இயந்திரத்தை ஓடவைத்த தொழிலாளரின் திறமை வணங்கத்தக்கது. ஆட்சியாளரின் அலட்சியத்தையும் சேர்த்து ரசிக்க வேண்டுமா?

வேடிக்கை என்னவெனில், அந்த என்ஜினின் சக்கரங்களைச் சுழற்றுவதும் மின்மோட்டார்களே. அவற்றுக்கான மின்சாரத்தை உண்டாக்கவே இறக்குமதி டீசலை எரிக்கிறோம். 2022இல் அதே டீசலுக்காக நாடே வரிசையில் நின்றது. 44 அடிக்கு ஓர் அடி உயரும் இப்பாதையில், இறங்கும் மின்ரயில் தன் தடைவிசையையே மின்சாரமாக்கித் திருப்பித் தரவும் முடியும்.

செலவு அதிகம், போக்குவரத்துக் குறைவு என்பார்கள். சரக்கை லொறிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போக்குவரத்துக் குறைவு என்பது என்ன நியாயம்? 2025 நவம்பரில் டிட்வா புயல் இப்பாதையைச் சிதைத்தது. உடைந்ததைப் பழையபடியே ஒட்டிவைப்பதோடு நின்றுவிடலாகாது. அணைக்காகக் குடியிருப்பை இழந்த தோட்ட மக்களுக்கு, அவர்கள் மண்ணின் மின்சாரத்தில் ஓடும் ஒரு ரயிலையேனும் தாருங்கள்.