புகையை விடுவார்க்குத் துணை

புகைபிடித்தல் தீது என்பதை அறியாதவர் இன்று நம் நாட்டில் எவரும் இலர். சிகரெட்டுப் பெட்டியின் முகப்பில் ஐந்தில் நான்கு பங்கை நோயுற்ற உறுப்புகளின் படங்கள் அடைத்து நிற்கின்றன. மே மாதம் 31ஆம் நாள் வந்தால் பாடசாலைகளிற் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடக்கின்றன. யான் தமிழ் கற்பிக்கும் பூனாகலைப் பகுதியிலும் இவற்றுக்குக் குறைவில்லை. பரிசு பெற்ற சிறுவன் மாலையில் வீடு திரும்பியதும், "தம்பி, கடைக்குப் போய் ஒன்று வாங்கி வா" என்று தந்தை காசை நீட்டுகிறார். அவனும் ஓடிப்போய் வாங்கி வருகிறான். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்றல் ஆகாதென 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விதித்திருப்பதைக் கடைக்காரர் அறிவார், தந்தையும் அறிவார், அன்று காலையிலேதான் மேடையில் அதனை முழங்கியவன் ஆதலாற் சிறுவன் எல்லாரினும் நன்றாக அறிவான்.

ஆகவே நம் குறை அறிவின்மையன்று. விடவேண்டும் என்று தாமே விரும்புகின்ற ஒருவருக்கு, உடனுறையும் மனைவியும் மக்களும் உடன்பிறந்தாரும் எங்ஙனம் துணை நிற்பது என்பதையே நாம் கற்றோமில்லை. அதற்கு யாரும் போட்டி வைப்பதுமில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், புகைக்கு வகுத்தாரில்லை. அமெரிக்காவிற் பிறந்த அவ்விலை, 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே பிற கண்டங்களுக்குப் பரவியது. வந்தபின் நம் புலவர்கள் வாளாவிருந்தாரல்லர். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகன்மீது 'புகையிலை விடு தூது' என்றொரு பிரபந்தமே பாடினார், உ. வே. சாமிநாதையர் அதனைத் தேடி அச்சேற்றினார். அந்நூல் புகையிலையின் பெயருக்கு ஒரு கதை சொல்லும். மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கோர் இலை ஒப்படைக்கப்பட்டதாம். சிவபிரானிடம் இருந்த வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிற்று. திருமாலிடம் இருந்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரமனிடம் இருந்ததோ போகவில்லை. போகாத அவ்விலையே புகையிலை ஆயிற்றாம். வேடிக்கைக்காகப் புனைந்த கதையே இது. ஆயினும் இருபது ஆண்டு புகைத்த ஒருவர் அதை விடமாட்டாது தவிப்பதைக் கண்டவர்க்கு, புலவர் விளையாட்டாக ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்றே தோன்றும். மலையிலிருந்து வந்து இக்கல்லூரி விடுதியிற் தங்கிக் கற்ற எனக்கு, என் வகுப்புத் தோழர் சிலருடைய தந்தையர் செம்மண்ணிற் புகையிலைக் கன்றுக்கு நீரிறைத்தே பிள்ளைகளின் செலவைத் தாங்கினர் என்பதும் நினைவுண்டு. அதனாற் புகையிலையைப் பழித்துப் பேச யான் இங்கு வரவில்லை. பழித்துப் பேசுவதாற் பயன் விளைந்திருப்பின் என்றோ விளைந்திருக்கும்.

புகையிலுள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு, உள்ளிழுத்த சில நொடிகளிலேயே மூளையை எட்டிவிடுகிறது. நாள்தோறும் அதனைப் பெற்றுப் பழகிய மூளை, அது நின்றதும் கலகம் செய்கிறது. எரிச்சல், உறக்கமின்மை, மிகுபசி, மலச்சிக்கல், மனம் ஓரிடத்தில் நில்லாமை ஆகிய யாவும் அக்கலகத்தின் குறிகள். முதல் மூன்று நாள்களில் இவை உச்சத்தில் நிற்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். ஒவ்வொரு வேட்கையும் தனித்தனியே எழும்போது சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. இவ்வளவையும் மனைவி அறிந்திருப்பாளாயின், இரண்டாம் நாள் கணவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், அஃது அவர் குணமன்று, அவர் உடலிலிருந்து ஒன்று வெளியேறுகின்ற ஓசை என்று கொள்வாள். அறியாதவளோ, "நீங்கள் அதைக் குடித்தே தொலையுங்கள், வீடாவது நிம்மதியாக இருக்கட்டும்" என்று தானே காசை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். இதனை யான் பல வீடுகளிற் கண்டிருக்கிறேன்.

இனிச் சத்தியம் வாங்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பிள்ளையின் தலையிற் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்று ஆணையிடச் செய்வது தோட்டத்திலும் நாட்டிலும் ஒருங்கே உள்ளது. அன்பினாற் செய்வதேயாயினும் இதனினும் கேடான வழி வேறில்லை என்பது என் துணிபு. புகையை விடுபவருள் மிகப் பலர் முதன்முயற்சியிலேயே வெற்றி பெறுவதில்லை; விட்டும் தொட்டும் பலமுறை முயன்றே விடுகின்றனர். சத்தியம் செய்தவர் ஒருநாள் வழுக்கினால், ஒரு சிகரெட்டைப் புகைத்தவராக மட்டும் நிற்பதில்லை. பிள்ளையின் உயிருக்குத் தீங்கு நினைத்தவராகத் தம்மையே எண்ணி அஞ்சுகிறார். அவ்வச்சத்தால் ஒளிக்கிறார். ஒளித்தபின் அவருக்கு யாரும் உதவ இயலாது. என்ன நடக்கிறதென்றே வீட்டார் அறியார். காந்தியடிகள் தம் வரலாற்றில், இளமையிற் சிறிய தந்தையார் எறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அதற்குக் காசு திருடியதையும் எழுதியுள்ளார். பின்னொரு களவைக் கடிதமாக எழுதித் தந்தையிடம் கொடுத்தபோது, தந்தையார் ஒன்றும் சொல்லாமற் கண்ணீர் வடித்து அதனைக் கிழித்தெறிந்தார். அச்சமின்றிச் சொல்லத்தக்க ஓரிடம் வீட்டில் இருத்தலின் ஆற்றலை அதனினும் விளங்க உரைக்க என்னால் இயலாது.

சத்தியத்தைக் குறைகூறும் யான் விரதத்தைக் குறைகூறேன். எம் பகுதியில் ஐயப்பனுக்கு மாலை அணிவோர் பலர். கதிர்காமத்துக்கு நடந்து செல்வோரும் உளர். மாலை கழுத்திலிருக்கும் நாற்பத்தொரு நாளும் புகையைத் தொடாதவர், தம்மால் விடமுடியாதென்று ஏனைய நாள்களிற் சொல்லும் அதே மனிதர்தாம். உடலின் கலகம் நான்கு வாரத்தில் அடங்குவதென்பதை நினைத்துப் பார்த்தால், மாலையைக் கழற்றும் நாளில் அவர் கடினமான பாதையை முற்றிலும் நடந்து முடித்துவிட்டார் என்பது தெளிவாகும். பின் ஏன் திரும்பும் வழியில், பஸ் நிலையத்திலேயே, ஒன்றைப் பற்றவைக்கிறார்? விரதம் முடிந்தது என்று அவரும் எண்ணுகிறார், வீட்டாரும் எண்ணுகின்றனர். நாற்பத்தொரு நாளும் பக்கத்தில் நின்று காத்த சுற்றமெல்லாம் நாற்பத்திரண்டாம் நாள் கலைந்துவிடுகிறது. குருசாமிமார் மாலையைக் கழற்றும்போது இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்வாராயின், பாடசாலைச் சுவரொட்டிகள் நூற்றினும் அதிகப் பயன் விளையும்.

என் அத்தான் தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்தார் 'ஸ்டோர்' என்பதில், பணி செய்பவர். மும்முறை விட்டு மும்முறையும் திரும்பினார். நான்காம் முறை மாலையணிந்து விட்டபோது அக்காள் செய்தவை சிறியவை. அவள் ஒரு சொல்லும் அவரிடம் கேட்டாளில்லை. இன்று பிடித்தீர்களா என்று முகர்ந்து பார்க்கவுமில்லை. மாறாக, பிரட்டுக் களத்துக்குக் கீழுள்ள திருப்பத்தில் அவரோடு நின்று புகைக்கும் தோழர் இருவரிடம் போனாள். "அண்ணே, மலைக்குப் போய் வந்த பிறகும் ஒரு மாதத்துக்கு இவருக்குக் கொடுக்காதீர்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள்" என்றாள். இதுவே முழு வைத்தியத்திலும் பாதி. ஏனெனில், நம்மவர்க்குச் சிகரெட் கடையிலிருந்து வருவதினும் தோழன் கையிலிருந்து வருவதே மிகுதி. மற்றொன்று, அதிகாலைச் சாயத்தண்ணீரும் சிகரெட்டும் அவருக்கு இணைபிரியாதவை என்பதைக் கண்டு, அச்சாயத்தண்ணீரையே ஒரு மாதம் நிறுத்தி இஞ்சி போட்ட கொத்தமல்லி நீர் கொடுத்தாள். தேயிலை நாட்டில் தேயிலையை நிறுத்துவதா என்று அவர் முணுமுணுத்தார், ஆயினும் குடித்தார்.

அவர் கேட்ட கேள்வியொன்றுக்கு மட்டும் அக்காளிடம் விடையில்லை. "உன் வெற்றிலையில் இருப்பது என்ன?" என்றார். நேர்மையான கேள்வி. மழையிலும் குளிரிலும் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் பசியையும் அலுப்பையும் மறக்க வெற்றிலையோடு புகையிலைக் காம்பையும் அடக்கிக்கொள்கின்றனர். இந்நாட்டு ஆண்களிடையே முதலிடம் பெற்றிருக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்; அதற்கு வெற்றிலைத் தாம்பூலமும் புகையும் பெருங்காரணங்கள். புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுக்கு ஏதுவென உலக ஆய்வாளர் 2004இல் வகைப்படுத்தினர். பெண்ணுக்கு மட்டும் விலக்கில்லை. அக்காள் புகையிலையை விட்டாள். பாக்கை இன்னும் விட்டாளில்லை. இருவரும் ஒரே வாரத்தில் எரிச்சற்பட்ட அவ்வீட்டிற்கு யான் ஏழெட்டு நாள் போகவேயில்லை. அத்தானுக்கு இப்போது மூன்றாம் ஆண்டு நடக்கிறது. இடையில் ஒரு தீபாவளிக்கு ஒன்று பிடித்தார். மறுநாட் காலை அவரே வந்து சொன்னார். அக்காள் கொத்தமல்லி நீரை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள், அவ்வளவே.

வயது போய்விட்டது, இனி விட்டு என்ன என்பாரும் உளர். புகைக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளியிட்ட இங்கிலாந்து அறிஞர் ரிச்சர்ட் டோல் தாமும் புகைத்தவர். தம் ஆய்வின் முடிவைக் கண்டு விட்டவர். 1951இல் தொடங்கிப் பிரித்தானிய மருத்துவர்களை ஐம்பதாண்டு பின்தொடர்ந்து 2004இல் அவரும் துணைவரும் கண்டது இது: தொடர்ந்து புகைப்பவர் ஏறத்தாழப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர், அறுபதில் விட்டவர் அதில் மூன்றையும், ஐம்பதில் விட்டவர் ஆறையும், நாற்பதில் விட்டவர் ஒன்பதையும் மீட்கின்றனர். பேரக்குழந்தையின் திருமணத்தைக் காண மூன்றாண்டு போதுமே. மேலும், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் விறகடுப்பின் புகையோடு தந்தையின் புகையும் கலந்தால், அதனைச் சுவாசிக்கும் குழந்தைக்கு வயதுக் கணக்கு உதவாது.

விட விரும்புவோர்க்குப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை ஒரு தொலைபேசி எண்ணை வைத்துள்ளது. அவ்வெண் 1948. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வெண்ணை மனப்பாடம் செய்விக்க ஆசிரியன் பாடுபடத் தேவையில்லை. கசப்பான ஓராண்டு ஒருவழியாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும்.

பழைய மாணவ அன்பர்களிடம் ஒன்று கேட்பேன். உங்களுட் சங்கத் தலைவர்களும், தோட்டத் துரைமாரும், வைத்தியர்களும், கோயில் தருமகர்த்தாக்களும் உள்ளீர்கள். ஊரார் உங்கள் சொல்லைக் கேட்பர். திருமண வீட்டில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட் தட்டும் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. மரண வீட்டில் ஒழிந்தபாடில்லை. இரவு முழுதும் விழித்திருப்போர்க்கென்று பீடியும் சுருட்டும் சிகரெட்டும் தட்டிற் பரப்பி வைக்கின்றனர். விட்டுப் பத்து நாளானவர் அங்கே போய் உட்கார்ந்தால் அவர் கதி என்ன? நெஞ்சுப் புற்றினால் மகரகமையில் மாதக்கணக்கிற் கிடந்து இறந்தவரின் பிணத்தருகிலேயே அத்தட்டைக் கண்டிருக்கிறேன். இதனை நிறுத்தச் சட்டம் வேண்டாம். வீட்டுக்காரர் துக்கத்தில் இருக்கையில், தட்டை அடுக்கும் உறவினரிடம் மதிப்புள்ள ஒருவர் மெல்லச் சொன்னாற் போதும். சென்ற ஆண்டு எம் லயத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தபோது, தலைவர் ஒருவர் அவ்வாறு சொல்ல, தட்டு வைக்கப்படவில்லை. முதியவர் ஒருவர், "பீடி எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். அவர் சற்றுநேரம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சாயத்தண்ணீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டு, பாயில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.