முகம் பார்க்கிற கத்தி

அனகாபுத்தூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கத்தி. ஒன்றல்ல, இரண்டு. குறுக்காக மாட்டி, நடுவில் ஒரு பித்தளைக் கேடயம். குக்ரி. நம்ம ஊர் பாஷையில் கூர்க்கா கத்தி.

“ஒரிஜினல் நேபாளி சார். ஃபர்ஸ்ட் குவாலிட்டி. ஜோடி 6,500. முகம் பார்க்கலாம், அவ்வளவு பாலிஷ்” என்றார். பார்த்தேன். முகம் தெரிந்தது.

“உறையிலிருந்து எடுத்துட்டா ரத்தம் பார்க்காம திரும்ப வைக்கக் கூடாதாம்” என்று ஒரு உபரித் தகவலும் கொடுத்தார்.

போன மாதம் அவர் வீட்டில் ஒரு விசேஷம். இளநீர் வந்து இறங்கியிருக்கிறது, சீவ அரிவாள் இல்லை. விருந்தாளிகள் முன்னால் நண்பருக்கு ஒரு வீரம். சுவரிலிருந்து குக்ரியை இறக்கினார். முதல் வெட்டுக்கு மட்டை லேசாகக் கீறிக்கொண்டது. மூன்றாவது வெட்டுக்குக் கத்தியின் வாய் அலை அலையாக மடங்கிவிட்டது, தகர டப்பா மூடி மாதிரி. இளநீருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டு மேலே வந்த எங்கள் வாட்ச்மேன் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கிழக்கு நேபாளத்துக்காரர். பத்து வருஷத்துக்கு மேல் சென்னையில் இருப்பதால் தமிழ் சரளம். “சார், இது கத்தி இல்ல. கத்தியோட போட்டோ” என்றார். ரத்தக் கதையை நண்பர் எடுத்துவிட, அவர் சிரித்தே விட்டார். “எங்க அம்மா தினம் இதுலதான் கீரை நறுக்குவாங்க. அப்படிப் பார்த்தா தினம் கையை வெட்டிக்கணும் சார்.”

அந்த ஜோடியை விற்ற ஆன்லைன் கடைக்காரனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவன் நாம் கேட்டதைக் கொடுத்திருக்கிறான். நாம் கேட்டது பளபளப்பு. நம் புத்தியில் ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்றால் இன்றைக்கு அதுதான்.

வாட்ச்மேன் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நல்ல குக்ரி பெரும்பாலும் பிறப்பது பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து. திருப்பாச்சேத்தி அரிவாளும் அதே லாரிப் பட்டையிலிருந்துதான் பிறக்கிறது. இரண்டு தேசத்துக் கொல்லர்களும் யாரையும் கேட்காமல் ஒரே இரும்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உலையில் காய்ச்சி, மாற்றி மாற்றி சம்மட்டியால் அடித்து உருவம் கொண்டுவந்த பிறகு வருவதுதான் முக்கியமான வேலை. பழுத்த கத்தியை அப்படியே தொட்டிக்குள் முக்குவதில்லை. ஒரு கெண்டியில் தண்ணீர் எடுத்து, வெட்டுகிற வாயின் மேல் மட்டும் ஊற்றிக்கொண்டே போகிறார் கொல்லர். வாய் கெட்டியாகிறது. முதுகு அந்த அளவுக்கு இறுகாமல் நெகிழ்வாக நிற்கிறது. அதனால்தான் வெட்டு விழும்போது வாய் மடங்குவதில்லை, முதுகு ஒடிவதில்லை. மொத்தத்தையும் இறுக்கினால் கண்ணாடி மாதிரி உடையும். எதையும் இறுக்காவிட்டால் நண்பர் வீட்டு இளநீர் கதைதான்.

இந்தக் கெண்டித் தண்ணீர் சமாசாரம் எந்தப் போட்டோவிலும் தெரியாது. கடையில் ஒரு சின்ன அரத்தை எடுத்து வாயில் தேய்த்துப் பார்த்தால் தெரியும். அரம் வழுக்கினால் பதம் இருக்கிறது, சுலபமாகக் கடித்தால் இல்லை. கையில் பிடித்தால் கனம் பிடியில் இருக்கக் கூடாது, முன்பக்கம் இழுக்க வேண்டும். முதுகு பிடிக்குப் பக்கத்தில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். உறையில் இரண்டு குட்டிக் கத்திகள் இருக்கும். ஒன்று, கர்தா, சில்லறை வேலைக்கு. மற்றது, சக்மக், வெட்டாது. தீட்டவும், சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பு உண்டாக்கவும். என் நண்பரின் செட்டில் இரண்டும் ஒரே மாதிரி மொக்கை. முகம் மட்டும் பார்க்கலாம்.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் கற்றுக்கொடுத்தது மூன்றே வார்த்தை: மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட். அந்த 6,500-ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள். தகடு, முலாம், பெட்டி, வெல்வெட், கூரியர், கமிஷன். சம்மட்டி அடித்தவனுக்கு எங்கே கணக்கு? அடிக்கவே இல்லையே, கொடுப்பதற்கு!

சரி, நிஜமாகவே அடிக்கிறவனிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வாருங்கள். அல்லது புறநகர்ச் சாலையோரங்களில் வட இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து கூடாரம் போட்டிருப்பவர்களைப் பாருங்கள். கணவன் இடுக்கியில் இரும்பைப் பிடித்திருப்பான், மனைவி தலைக்கு மேல் சம்மட்டியை ஓங்கி அடித்துக்கொண்டிருப்பாள். கண் முன்னால் அடித்துக் கொடுக்கிற அரிவாளுக்கு அவள் ஒரு விலை சொன்னால், பைக்கை விட்டு இறங்காமலேயே பாதி விலைக்குக் கேட்கிறோம். “இரும்புக்கு இவ்ளோவா?” ஆன்லைனில் பேரம் பேச ஆள் இல்லை, அதனால் மரியாதையாகக் கொடுத்துவிடுகிறோம். மனுஷன் எதிரில் நின்றால்தான் நமக்குக் கணக்கு வழக்கெல்லாம் ஞாபகம் வருகிறது.

அனகாபுத்தூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் துணி அனுப்பிய நெசவாளர் ஊர் இது. இப்போது வாழை நாரில் கூடப் புடவை நெய்கிறார்கள். கைத்தறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பவர்லூம்ல பாதி விலைக்குக் கிடைக்குதே” என்று சொல்லிப் போகிறவர்களை அவர்கள் எத்தனை பார்த்திருப்பார்கள்!

நேபாளத்தில் கொல்லனின் கதை இன்னும் கொடுமை. குக்ரி அடிக்கிற காமி சாதியைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்த தேசம் அது. 1963-ல் புதிய சட்டத் தொகுப்பு வந்து தீண்டாமைக்கான சட்ட ஆதரவு போனது. அதைத் தண்டிப்பதற்கென்றே தனிச் சட்டம் வர 2011 ஆனது. குக்ரி ராணுவச் சின்னமாகத் தொப்பியில் ஏறியது. அதை அடித்தவன் வாசலுக்கு வெளியே நின்றான். 1815-லிருந்து வெள்ளைக்காரன் படையிலும், 1947-க்குப் பிறகு இந்தியா, பிரிட்டன் இரண்டு படைகளிலும் கூர்க்காக்களின் வீரம் பேசப்பட்ட அளவுக்கு அந்தக் கத்தியை அடித்தவனைப் பற்றி யார் பேசினார்கள்?

சட்டமும் கத்தியைப் பொருளாகப் பார்ப்பதில்லை. நம் ஆயுத விதிகள் குக்ரியைப் பெயர் சொல்லியே ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம் தாண்டினால் ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு. அந்த வகையில் அரிவாளுக்கு நிம்மதி என்று பார்த்தால், 2005-ல் ‘திருப்பாச்சி’ படம் வந்து ஊர்ப்பெயரையே அடிதடிக்கு எழுதி வைத்தது. 2021-ல் தொடர் கொலைகள் நடந்தபோது, அரிவாள் வாங்குகிறவரின் பெயர், விலாசம், காரணம் எல்லாம் எழுதி வைக்கச் சொல்லிப் பட்டறைக்காரர்களிடம் போலீஸ் சொன்னது. கொலையைத் தடுக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கருவேல முள் வெட்ட வருகிற விவசாயியிடம் “எதுக்குய்யா?” என்று கேட்க வேண்டிய நிலைமை கொல்லனுக்கு. முகம் பார்க்கிற கத்தியை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறவன் என் நண்பரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஷோவுக்குத்தானே சார் வாங்கினேன், இவ்ளோ ஏன்?” என்கிறார் நண்பர். ஷோவுக்கு என்றால் ஷோபீஸ் என்று சொல்லி வாங்குங்கள், ஆட்சேபணை இல்லை. ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்ற பேரை விட்டுவிடுங்கள். அது கெண்டியோடு குனிந்து நிற்கிறவனுக்குச் சொந்தம்.

வாட்ச்மேன் தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார். நமக்கு ஆயுத பூஜை வருகிற அதே நாட்களில் அவர்களும் ஆயுதங்களையும் கருவிகளையும் வைத்துக் கும்பிடுகிறார்கள். நண்பர் அவரைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாப்பா. நிஜமா வெட்டுறது.”

“ஒன்பது இன்ச்சுக்குள்ள, வீட்டு வேலைக்குச் செய்யச் சொல்றேன் சார். ஆனா எங்க ஊர் காமி சொல்ற விலைதான். நான் குறைச்சுக் கேக்க மாட்டேன்.”

“எவ்ளோ வரும்?”

சொன்னார். “கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே!” என்றார் நண்பர், ஜோடிக்கு 6,500 கொடுத்தவர்.

இன்னொரு விஷயம். வாட்ச்மேனுக்குச் சம்பளத்தில் மாதம் 500 ரூபாய் கூட்டிக் கொடுப்பது பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கம் மூன்று மாதமாக விவாதிக்கிறது. கடந்த கூட்டத்தில் “பட்ஜெட் இடிக்குது” என்று ஒத்திவைக்கச் சொன்னவர் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டு ஹாலில். அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார இப்போதே இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.